மின்னியின் நாலாவது மூவ்

ஊருக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பிறப்புச் சான்றிதழ் எடுக்க என்றேன். கோலாலம்பூரில் வாப்பாவின் தம்பியான சாச்சாவின் போன் திருத்தும் கடையில் ஐந்து வருடமாக வேலை. அனுமதியைப் புதுப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். என்னுடையதைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அது பொய்யில்லை. ஆனால் பையின் அடியில் இரண்டு சாரனுக்குள் சுற்றி ஒரு பழைய கேம் பெட்டி இருந்ததையும், அதற்குள் மின்னி இருந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. மின்னியை அதன் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மின்னி யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் வைத்து விளையாடுகிற அந்தக் கேமில் விதவிதமான மிருகங்களைப் பிடித்து வளர்த்து, ஆறு ஆறாகக் கூட்டிவந்து மோதவிட வேண்டும். இரண்டு பெட்டிகளை ஒரு வயரால் இணைத்தால் கூட்டாளியோடு மோதலாம், மிருகங்களை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் நாலே நாலு மூவ், அதாவது மோதும்போது போடுகிற வித்தை. ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை மறக்கவைக்க வேண்டும். மின்னி கீரிக்கும் பூனைக்கும் நடுவில் ஒரு உருவம். முதுகு மயிர் எந்நேரமும் சிலிர்த்து நிற்கும். காரைதீவு, நிந்தவூர், கல்முனை என்று எங்கள் பக்கம் முழுக்கத் தேடினாலும் அதைவிட வேகமானது யாரிடமும் இல்லை. உடம்புதான் வற்றல். ஒரு நல்ல அடி விழுந்தால் சுருண்டுவிடும்.

இப்படி ஒரு வேகக்காரனை வைத்து விளையாட ஒரு சூட்சுமம் வேண்டும். மின்னியிடம் இருந்த மூவ் நாலு: மின்னல் அடி, கடி, தன்னைத் தானே உசுப்பி இன்னும் வேகமாவது, நாலாவது அஞ்சல். இது நாங்கள் வைத்த பெயர். பள்ளிக்கூட அஞ்சலோட்டத்தில் கோலைக் கொடுப்பதுபோல, ஏற்றி வைத்த வேகத்தையெல்லாம் அடுத்து வருகிற கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு மின்னி உள்ளே போய்விடும். வெளியே வருவது மாடு மாதிரி ஒரு தடியன். அவன் மின்னியின் வேகத்தோடு வந்தால் எதிராளி என்ன செய்வான்? மின்னி வந்து நின்றதுமே எதிரில் இருப்பவனுக்கு வியர்க்கும். கடிக்குமா, மின்னல் போடுமா, கொடுத்துவிட்டுப் போகுமா என்று தெரியாது. பிழையாக ஊகித்தால் ஆட்டம் முடிந்தது.

அஞ்சல், மின்னி முட்டையிலிருந்து பொரிக்கும்போதே கொண்டுவந்த மூவ். பிறப்பில் வந்ததை ஒரு தரம் மறக்கவைத்தால் மறுபடி படிப்பிக்க முடியாது. அந்தக் கேமில் அப்படித்தான்.

சொந்தக்காரன் சுதா, காரைதீவு. நான் நிந்தவூர். கல்முனையில் ஒரே டியூசன் வகுப்பு. சுனாமிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வகுப்பு முடிந்து வயரைப் பூட்டி மின்னியை எனக்கு மாற்றித் தந்தான். ஞாயிறு காலையில் சம்மாந்துறையில் மாமா மகனோடு எனக்கு ஒரு மோதல் இருந்தது. அவனிடம் நான் தோற்றுத் தோற்று மானம் போயிருந்தது. ஒன்றைக் கொடுக்காமல் ஒன்றை வாங்க முடியாது என்பதால் பதிலுக்கு ஒரு புழுவைக் கொடுத்தேன். "திங்கக்கிழமை தந்திரு மச்சான்" என்றான். ஞாயிறு காலை நான் கடலிலிருந்து அத்தனை தூரம் உள்ளே, மாமா வீட்டு விறாந்தையில் மின்னியை வைத்து வென்றுகொண்டிருந்தபோது கடல் வந்தது. உம்மாவும் வாப்பாவும் பள்ளிவாசல் மாடியில் ஏறித் தப்பினார்கள். எங்கள் வீடு போனது. சுதாவின் வீடு போனது, பெட்டி போனது, அவன் அம்மா போனார். திங்கட்கிழமை என்று ஒன்று எங்களுக்கு வரவேயில்லை.

இரண்டு மாதத்தில் சாச்சா என்னைக் கோலாலம்பூருக்கு எடுத்துவிட்டார். அங்கே ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மோத வருகிற கூட்டம் இருந்தது. சீனப் பொடியன்கள், மலாய்ப் பொடியன்கள், எல்லாரும் கணக்குப் போட்டு விளையாடுகிறவர்கள். அதில் மூத்தவன் ஒருவன் மின்னியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு ஏன் ஓடுகிறாய்? அடி. நாலு விதமாக அடிக்கத் தெரிந்தால் உன்னைத் தடுக்க ஆளில்லை." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அஞ்சலை மறக்கவைத்துப் பனி அடியைப் போட்டேன். உண்மையாகவே மறக்கவைக்கவா என்று கேம் கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். அந்த வருடம் மேல்மாடிப் போட்டியில் எனக்கு மூன்றாமிடம். ஒரு சாவிக்கொத்து தந்தார்கள்.

இரண்டே மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. மின்னி வந்தால் அடிக்கும், அடிக்க மட்டும்தான் செய்யும். முதல் அடியைத் தாங்கக்கூடிய ஒரு தடியனை எதிரே விட்டார்கள், அவன் திருப்பி ஒன்று கொடுத்தான், மின்னி சுருண்டது. வாரா வாரம் இதே கதை. எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்து என் மண்டையில் நானே மண்ணள்ளிப் போட்டேன்.

பெருநாளைக்கும் தீபாவளிக்கும் சுதாவோடு போனில் கதைப்பேன். கடைசியில் ஒவ்வொரு தரமும் அவன் கேட்பது ஒன்றுதான்.

"மின்னி இருக்கா?"

"இருக்கு."

பொய் சொல்லவில்லை பாருங்கள். இருந்தது.

விமானத்தால் இறங்கி முதல் நாள் முழுக்க பஸ். கோலாலம்பூரில் ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே சாரதி நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இறங்கிப் போய், இளநீர் குடித்து, இளநீர்க்காரருடன் அவர் மருமகனைப் பற்றிக் கதைத்துவிட்டு ஆறுதலாக வந்து ஏறினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்து யன்னல் பாதியில் இறுகி நின்றது. மழை வந்தபோது என் இடது பக்கம் மட்டும் குளித்தது. சாப்பாட்டுக்கு நிறுத்திய கடையில் சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். சும்மா சொல்லக்கூடாது, ஐந்து வருடத்தில் அப்படி ஒரு கருவாடு என் நாக்கில் பட்டதில்லை. இரண்டு தரம் சோறு வாங்கினேன்.

சண்டை முடிந்து ஆறேழு மாதம்தான். சோதனைச் சாவடிகள் அப்படியே இருந்தன. ஒன்றில் எல்லாரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் சாரனை உதறிய சிப்பாய்க்குக் கேம் பெட்டி கையில் வந்தது. அவரும் என் வயதுதான் இருப்பார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயந்துவிட்டேன். வயர் வேறு இருந்தது.

"என் தம்பியிடமும் இது ஒன்று இருந்தது" என்றார் சிங்களத்தில், முகமெல்லாம் சிரிப்பாக. பெட்டியை இயக்கினார். பழைய ஆட்டத்தைத் தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா என்று திரை கேட்டது. அவர் விரல் இரண்டாவதை நோக்கி இறங்கியது. புதிதாகத் தொடங்கிச் சேமித்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். என்னையறியாமல் "ஐயோ, எப்பா! எப்பா!" என்று வேண்டாமென்று சிங்களத்தில் கத்திவிட்டேன். வரிசையில் நின்ற ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாமி "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கைவைத்தார். சிப்பாய் சிரித்து, முதலாவதை அழுத்தி, மின்னியை வைத்துக் காட்டு மிருகம் ஒன்றோடு மோதினார். பனி அடி ஒன்றே போதுமாக இருந்தது.

"நல்லா அடிக்குது. நீயா வளர்த்தாய்?"

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கூட்டாளியுடையது என்றேன். பெட்டியைத் துடைத்துத் தந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகும் நீயா வளர்த்தாய் என்பது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்முனைக்குப் போகிற பஸ் அது. நிந்தவூருக்குப் போக காரைதீவுச் சந்தியில் இறங்கி மாற வேண்டும். சுதாவின் ஊர்ச் சந்தி. ஐந்து வருடம் காத்திருந்து வந்தவன் நேரே அவன் வீட்டுக்கல்லவா போக வேண்டும்? நான் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் நின்றேன். முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தம்பி, ஆரிட்டயும் ஒளிக்கிறயோ?" என்றார். "வெயில், ஐயா" என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் சான்றிதழுக்கு அலைந்தேன். அலுவலகத்தில் ஒரு அம்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார். "அந்த வருசத்துப் பொத்தகம் தண்ணியில நனைஞ்சது. ஒட்டிக் கிடக்கு. தாள் தாளா ஒரிக்கணும். மூணு நாள் கழிச்சு வாங்க" என்றார். சாச்சா இருக்கிற நாட்டில் இலக்கம் எடுத்து, மணி அடிக்க, கண்ணாடிக்கு அப்பால் ஒரு முகம் இரண்டு நிமிடத்தில் என்னை அனுப்பிவிடும். இந்த அம்மணி எனக்குப் பிளேன்டீ தந்தார், உம்மாவின் சுகம் விசாரித்தார், அங்கே பெண் பார்த்தாயிற்றா என்றும் கேட்டார். பத்திரம் மட்டும் தரவில்லை.

வீட்டில் உம்மா எருமைத் தயிரில் தேன் ஊற்றிச் சட்டியோடு என் முன்னால் வைத்தார். "சுதாட வீட்ட போனயா மனே?" என்றார். நாளைக்கு என்றேன். "அந்தப் பொடியன் மாசத்துக்கு ஒருக்கா வந்து எங்களப் பாத்திட்டுப் போறவன். வாப்பா ஆசுபத்திரியில கிடந்த நேரம் ரெண்டு நாளா அவன்தான் நிண்டவன். ஒனக்குச் சொல்லலையா?" சொல்லவில்லை. தயிர்ச் சட்டியைத் தள்ளி வைத்தேன். சாவடியில் கத்தினதற்கும், பலகைக்குப் பின்னால் ஒளித்ததற்கும் சேர்த்து எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் வாப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வயல்வெளியைக் கடக்கும்போது செயின் கழன்றது. பூட்டினேன். பத்து மிதி, மறுபடி கழன்றது. உருட்டிக்கொண்டே போனேன். கையெல்லாம் கறுப்பு மசகு. சுதா வாசலில் நின்றவன் என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அவன் வெள்ளைச் சேட்டில் என் பத்து விரலும் பதிந்தது.

"மலேசியாக்காரன் எண்டா காரில வருவான் எண்டு பாத்தா, சைக்கிளை நடத்திக் கூட்டிக்கிண்டு வாறான்" என்றான்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் அவர்கள் வீடு. எல்லா வீடும் ஒரே மாதிரி, கதவின் நிறம்தான் வேறு. சுதா இப்போது வயலும் பார்த்து, ஒரு கடையில் கணக்கும் எழுதுகிறான். அவன் அப்பா வயலுக்குப் போயிருந்தார். சூடை மீன் பொரித்து, பயற்றங்காய்க் கறியோடு எனக்குச் சோறு போட்டான். சாப்பிட்டு முடியச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"மின்னி" என்றேன்.

அவன் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"என்னட்டத் தராத. கௌரியிட்டக் குடு. நாளைக்கு வருவாள்."

கௌரி அவன் தங்கை. அந்தக் காலத்தில் வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக ஒன்றிரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இப்போது மட்டக்களப்பில் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி.

"கௌரிக்கு என்னத்துக்கு?"

"டேய், மின்னி அவளுடையதுடா. எனக்கு அந்த விளையாட்டே சரிவராது. அவளுக்கு வெளியில வந்து உங்களோட இருந்து விளையாட ஏலாது, வீட்டில விடமாட்டினம். என்ன செய்யணும் எண்டு என்ட உள்ளங்கையில எழுதி விடுவாள். நான் பாத்துப் பாத்து அழுத்துறது."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. சுதா மோதும்போது அடிக்கடி இடது உள்ளங்கையைப் பார்ப்பான். நீலப் பேனாவில் கிறுக்கல். டியூசன் சமன்பாடு என்று நினைத்திருந்தோம். நாங்கள் எல்லோரும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அவள் பள்ளிக்கூட அஞ்சலோட்டத்தில முதலாவதா ஓடுறவள். வேகமான ஆள் முதல் ஓடி நல்லாக் குடுத்திட்டா மிச்ச ஆக்களுக்கு இலேசு எண்டு சொல்லுவாள். அந்தக் கணக்கிலதான் மின்னிய வளர்த்தவள். அஞ்சலோட ஒண்டு பொரிக்க எத்தினை முட்டை தெரியுமா? ஒரு முட்டை பொரிக்க கேமில ஆயிரக்கணக்கான அடி நடக்கணும். இவள் படிக்கிற நேரம் அம்மாதான் நடத்துறவ. ஒரு கையால கறியக் கிண்டிக்கிண்டு, மத்தக் கையால பட்டனை அழுத்திக்கிண்டு நிப்பா. 'என்னடி இது, போன வழியாலயே திரும்பிப் போகுது' எண்டு ஏசுவா. மின்னி அம்மாட கையிலதான் பொரிச்சது."

மீன் பொரித்த எண்ணெய் மணம் வீடு முழுக்க நின்றது. அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "பேந்து வாறன் மச்சான்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். செயின் வாசலிலேயே கழன்றது.

நாலாம் நாள் போனபோது கௌரி முன்விறாந்தையில் நின்றாள். வளர்ந்து, கண்ணாடி போட்டு, ரீச்சர் மாதிரியே இருந்தாள்.

"வாங்க றியாஸ் காக்கா. உங்கட புழுவக் கடல் கொண்டு போயிற்று. மன்னிச்சுக்கங்க" என்றாள். எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்றே கூப்பிட்டாள்.

சிரித்தேன். வேறென்ன செய்ய? பெட்டியை நீட்டினேன். கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினாள். சுனாமிக்குப் பிறகு அகதி முகாமில் இருந்த காலத்தில், அழுகை வருகிற நேரமெல்லாம் மின்னியாவது றியாஸ் காக்காவிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாளாம். அதைச் சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். மின்னியை வைத்து முட்டை பொரிக்கப் போகிறாளாம். அப்பன் மிருகத்துக்கு அஞ்சல் தெரிந்தால் குஞ்சும் அதோடு பொரிக்கும். மின்னி கடுவன். "ஒண்டு எனக்கு, ஒண்டு உங்களுக்கு. இனிமேல் களவாடத் தேவையில்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தங்கச்சி" என்று தொடங்கினேன்.

"முதல்ல ஒரு ஆட்டம் அடிப்பம் காக்கா. அஞ்சு வருசமாச்சு."

நான் வயரைப் பூட்டினேன். அவள் கையில் என் பழைய பெட்டி, என் கையில் கோலாலம்பூரில் வாங்கிவந்த இன்னொன்று. இந்தப் பிழையை எதில் சேர்ப்பது? வாயால் சொல்ல வேண்டியதைத் திரை சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் மின்னியைத்தான் முதலில் விட்டாள். முதல் முறைக்கு நாலு மூவும் பட்டியலாக வரும், ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். என் திரையில் எதிராளிக்காகக் காத்திருக்கிறது என்று மட்டும் இருந்தது. அவள் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் தலையை நிமிர்த்தவில்லை. உள்ளே சுதா தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. துருவி முடித்து, சிரட்டையை வைத்து, அடுத்த பாதியை எடுத்தான். என் திரை மாறவில்லை.

பிறகு மாறியது. பனி அடி. என் முதலாவது விழுந்தது. அடுத்தது, மின்னல் அடி. மூன்றாவதும் போனது. அப்படிக் கைபதறாமல் விளையாட நான் யாரையும் பார்த்ததில்லை. நாலாவதாக நான் விட்டது ஒரு கல்லுத் தடியன், எதையும் ஒரு தரம் தாங்குவான். அவள் மின்னியை உசுப்பினாள். ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற இடம் அதுதான். பழக்கத்தில் செய்திருப்பாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கொடுக்க வழியில்லை. வெறுமனே உள்ளே கூப்பிட்டால் ஏற்றிய வேகமெல்லாம் வீண். மறுபடி காத்திருந்தேன். கடைசியில் அடித்தாள். தடியன் தாங்கினான், திருப்பி ஒன்று கொடுத்தான். மின்னி சுருண்டது.

அவள் பெட்டியை மடியில் வைத்தாள். இன்னும் ஐந்து பேர் அவளிடம் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடவில்லை.

"எப்ப மாத்தினீங்க?"

"ரெண்டாயிரத்து ஆறில."

"அதுக்குப் பிறகும் அண்ணன் உங்களிட்டக் கேட்டவன்தானே?"

"ஓம்."

"இருக்கு எண்டு சொன்னீங்க."

"ஓம்."

"நான் பக்கத்தில நிண்டு கேட்டுக்கிண்டிருந்தனான். நீங்க இருக்கு எண்டு சொல்லுற சத்தம் எனக்கும் கேக்கும்."

சாவிக்கொத்தைப் பற்றிச் சொன்னேன். மேல்மாடியில் மூத்தவன் சொன்னதையும் சொன்னேன். பிழை என்னுடையது, பயந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன், மன்னித்துக்கொள் தங்கச்சி என்றும் சொன்னேன். அழுதுவிடுவேன் போல இருந்தது. அவள் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி, பார்த்து, போட்டுக்கொண்டாள்.

"இனிக் குஞ்சுக்கும் வராது காக்கா" என்றாள். பிறகு எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணியும் ஒரு தட்டில் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்தாள். சீனி அளவாக இருந்தது. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சுதா சந்திவரை என்னோடு நடந்துவந்தான். அன்று பஸ் ஒன்றும் பிந்தவில்லை, பார்த்தால் அந்தா வருகிறது. ஏறும்போது என் தோளில் கைவைத்தான்.

"சொல்லியிருக்கலாமே மச்சான். அவ்வளவுதான். ஒரு போன்தானே."

ஓம் என்றேன். நடத்துநர் விசிலடித்தார். மருந்துக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு கையைக் காட்டினார்.

அடுத்த நாள் சான்றிதழ் கிடைத்தது. அம்மணி ஒட்டியிருந்த தாளை நீராவியில் பிடித்து உரித்து, என் பெயரைக் கண்டுபிடித்து, எழுதி முத்திரை குத்தித் தந்தார். "பாத்தியா, அழியல்ல. கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான்" என்றார். நூறு தரம் நன்றி சொன்னேன். அவருக்குச் சிரிப்பாகப் போய்விட்டது.

கோலாலம்பூரில் மறுபடி கடை. மேல்மாடிக்கு நான் இப்போது போவதில்லை. தீபாவளிக்குச் சுதாவுக்கு எடுத்தேன். வயல், மழை, வாப்பாவின் மூட்டுவலி, எல்லாம் கதைத்தோம். வைக்கிற நேரம் வந்தது. இந்த முறை அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"மின்னி இருக்கா?"

பின்னால் ஒரு கதவு சாத்துகிற சத்தம். யாரோ நடந்து போனார்கள்.

"இருக்கு" என்றான் சுதா.

அந்தச் சொல்லுக்குள் எவ்வளவை ஒளிக்கலாம் என்று எனக்குத் தெரியும். மேலே ஒன்றும் கேட்காமல் போனை வைத்தேன்.